பிலோமினாக்கா திரும்பப் பெற்ற தீர்ப்புகள்

புதன்கிழமை காலை தேக்கா சந்தையில் ஒரு வாவல் மீனைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கைப்பேசி அடித்தது. பிலோமினாக்காவின் மகள் ஜெசிந்தா. "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்கே?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். மூன்று நாள்களுக்கு முன்பு என் எதிரே உட்கார்ந்து, தேநீரில் நான் சீனி அதிகம் போடுகிறேன் என்று கண்டித்தவர் அவர். விடியற்காலையில் ஜெபம் சொல்ல எழுந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடங்கிவிட்டார் என்று ஜெசிந்தா விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. மீன்காரர் பையை நீட்டியபடி இரண்டு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் காதில் விழவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை மாதா கோயில் பாடல் குழுவில் பார்த்திருப்பீர்கள். சிலர் அவரோடு சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் ஆவணம் சரிபார்க்கும் வேலையில் இருந்திருப்பீர்கள். எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை மேசையின் பிலோமினாக்கா. குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் வசிப்போர் குழு அறையில், பணி ஓய்வு பெற்ற எட்டுப் பேர் பழைய அமெரிக்கத் தபால்தலைகளை வைத்துக்கொண்டு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருப்போம். அந்த மேசையில் நடந்த ஒரு விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன். அவரைப் பற்றி நான் சொல்ல நினைக்கும் எல்லாமே அதற்குள் இருக்கிறது.

முதன்முதலாக அங்கே போன அன்று ஒரு கேள்வி கேட்டேன். "அக்கா, நம்ம நாட்டு ஸ்டாம்ப் இருக்கு, மலாயா ஸ்டாம்ப் இருக்கு. அதை விட்டுட்டு அமெரிக்க ஸ்டாம்ப் எதுக்கு?" அவர் இரண்டு தபால்தலைகளை இடுக்கியால் எடுத்து என் முன்னே வைத்தார். இரண்டிலும் ஒரே கிழவரின் பக்கவாட்டு முகம், ஒரே நிறம், ஒரே விலை. "என்ன வித்தியாசம், சொல்லுங்க." பத்து நிமிடம் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றேன். இரண்டையும் குப்புறத் திருப்பினார். "முகம் எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர். முதுகைப் பாருங்க."

அந்தக் காலத்தில் தபால்தலை அச்சடிக்கும் வேலை ஓர் அச்சகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியது. அச்சுத் தகடுகளும் அப்படியே கைமாறின. தகடு அதுவேதான், தாள்தான் வேறு. முந்தைய தாள் விறைப்பானது. பிந்தையது மெத்தென்றது, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை போல இழை தெரியும். தபால்தலையின் ஓரத்தை இடுக்கியால் பிடித்துக் காதருகே வைத்து நகத்தால் மெல்லத் தட்டினால், விறைப்பான தாள் 'டக்' என்னும். மெத்தென்ற தாளிலிருந்து சத்தமே எழாது. வீட்டில் பொரித்த அப்பளத்தையும், மூடாமல் வைத்து நமுத்துப்போன அப்பளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அப்பளம்தான் ஒருநாள் எங்களை ஏமாற்றியது. நவம்பர் மழை. ஜன்னலுக்கு வெளியே எதிர் புளோக் தெரியவில்லை. உறுப்பினர் ஒருவர் தன் தபால்தலை ஒன்றைத் தட்டிப் பார்த்து மெத்துத் தாள் என்று முடிவு கட்டினார். நாங்கள் எல்லாரும் தட்டினோம், எல்லாருக்கும் அப்படியே தோன்றியது. பிலோமினாக்கா அதை வாங்கி, கேமரா வைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் போட்டு மூடினார். "ஒரு மணி நேரம் யாரும் தொடாதீங்க. கோப்பி குடிச்சிட்டு வாங்க." திரும்பி வந்து தட்டினோம். டக். "புக் எழுதினவங்க ஊர்ல நம்ம மழை பெய்யல லா" என்றார். "பேப்பரும் நம்மள மாதிரிதான். ஈரத்துல ஊறிக் கிடக்கும்போது அதோட குணத்தைக் கேட்கக் கூடாது."

அந்த அறையில் மின்விசிறி போட முடியாது. போட்டால் நூறு வயதுத் தபால்தலைகள் பறந்துவிடும். வியர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருப்போம். யாராவது தெரியாமல் சுவிட்சைத் தொட்டால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். பக்கத்து அறையில் உடற்பயிற்சி செய்யும் மூதாட்டிகள் எங்களைச் சண்டைக்காரர்கள் என்றே நினைத்திருந்தார்கள்.

மேசைக்கு அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். சந்தேகமான ஒரு தபால்தலை வந்தால் இருவர் அதைப் பார்க்க வேண்டும். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஒரு சீட்டில் பென்சிலால் தம் முடிவை எழுதி மடித்து வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். ஒத்துப்போனால் அது தீர்ப்பு. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர். சரக்குப் பிரிவில் அவர் செய்த வேலையே அப்படித்தானாம். ஒருவர் கையெழுத்தைப் பார்த்து இன்னொருவர் கையெழுத்துப் போட்டால், இரண்டு கையெழுத்தும் செல்லாது என்பார்.

இனிச் சொல்லப் போவது சொக்கலிங்கம் அண்ணனின் தபால்தலையைப் பற்றி.

சொக்கலிங்கம் அண்ணன் சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு நாற்பது ஆண்டுகள் நகை செய்தவர். மேசைக்கு வந்தவர்களில் எட்டாவது ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு நிறத்தில் இரண்டு காசுத் தபால்தலை ஒன்றைக் கண்ணாடித்தாள் உறையில் கொண்டுவந்தார். "இது நீலத் தாள்" என்று அறிவித்தார்.

நீலத் தாள் என்பது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொஞ்ச காலம் நடந்த ஒரு சோதனை. ஈரத்தாளில் அச்சடித்துக் காயவைக்கும்போது தாள் சீராகச் சுருங்கவில்லை. அதனால் மரக்கூழோடு துணிக்கூழைக் கலந்து பார்த்தார்கள். அந்தத் தாளின் முதுகில் மழைக்கு முந்தைய வானம் போல ஒரு சாம்பல் நீலம் லேசாக இருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது. சாதாத் தாளைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். எங்கள் குழுவில் பிலோமினாக்காவிடம் மட்டும் அப்படி ஒன்று இருந்தது, வெளிநாட்டு நிபுணர்கள் பார்த்து உறுதி சொன்னது.

அன்று பார்க்க வேண்டிய இருவர் அக்காவும் நானும். அவர் ஜன்னலோரம் போய் வெகுநேரம் பார்த்தார். எழுதி மடித்தார். அடுத்து நான் பார்த்தேன். சீட்டுகளைப் பிரித்தோம். இரண்டிலும் 'சாதா'.

அண்ணன் முகம் மாறியது. "நாப்பது வருஷம் தங்கத்தோட நிறம் பாத்த கண்ணும்மா இது. எத்தனை கேரட்னு உரசாமலே சொல்லுவேன். எனக்கு நீலம் தெரியாதா?"

"தங்கம் வேற அண்ணே, பேப்பர் வேற" என்றார் அக்கா. "இது சாதாதான். ரெண்டு பேரும் எழுதியாச்சு."

அவர் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்று ஆண்டுகள் வரவில்லை. தேக்காவில் எதிரே பார்த்தால் என்னிடம் நின்று பேசுவார். அக்காவின் பேச்சை எடுத்தால், "பஸ் வந்துடுச்சு" என்று போய்விடுவார்.

அக்கா அவருடைய நாற்காலியை எடுக்க விடவில்லை. ஏழு பேருக்கு எட்டு நாற்காலி போட்டே வைத்தோம்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டை அவிழ்த்த அன்று அவர் ஜெசிந்தாவிடம் கேட்ட முதல் கேள்வி, "என்னடி, வெள்ளைச் சட்டைக்கு இவ்வளவு சொட்டு நீலம் போட்டிருக்க?" ஜெசிந்தா, "ம்மா, நான் வாழ்க்கையில சொட்டு நீலம் வாங்கினதே இல்ல. மெஷின்ல போட்டேன், ஓகே?" என்று சிரித்திருக்கிறாள். அக்கா சிரிக்கவில்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தார். சட்டை நீல வெள்ளை. வலது கண்ணை மூடிப் பார்த்தார். அதே சட்டை மஞ்சளோடிய மோர் நிறம்.

அன்று பிற்பகலே என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டார். குரலில் பதற்றம் இல்லை. வரிசையாகச் சொன்னார். புரை வளர வளரக் கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடுமாம். மஞ்சள் கண்ணாடி போட்டவனுக்கு லேசான நீலம் எப்படித் தெரியும்? பல ஆண்டுகளாக அந்தக் கண்களோடுதான் நீலத் தாளுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். "சொக்கலிங்கம் அண்ணன் சொன்னது சரியா இருந்திருக்கும் டீச்சர். நான் அவர் கண்ணைத் தப்புன்னு சொன்னேன். தப்பு என் கண்ணுல இருந்திருக்கு."

ஆறுதலாக இருக்கட்டும் என்று, "ஆனா அக்கா, நானும்தானே சாதான்னு எழுதினேன்" என்றேன்.

 "ஆமா. நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்டார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து நான் கேட்ட கேள்வி அது. அன்று நான் ஒன்றும் பார்க்கவில்லை. ஜன்னலிலிருந்து திரும்பும்போது அவர் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் எழுதினேன். இதைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

"காப்பி அடிச்சீங்களா?" என்றார்.

"ஆமாம் அக்கா."

"டீச்சர்!" என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிப்பு அடங்கும் முன் நானும் சிரித்துவிட்டேன். ஆனால் கைப்பேசியை வைக்கும்போது சொன்னார்: "அப்ப அந்த ரெண்டு சீட்டும் செல்லாது. நாம ரெண்டு பேரும் போய் அவர்கிட்ட சொல்லணும்."

உடனே போகவில்லை. புதிய கண்ணுக்கு முதல் சில வாரங்கள் எல்லாமே நீலமாகத் தெரியும், மூளை பழகிய பிறகுதான் நிதானத்துக்கு வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "மஞ்சள் கண்ணால ஒரு தீர்ப்பு சொன்னேன். இப்ப நீலக் கண்ணால இன்னொண்ணு சொல்ல வேண்டாம்" என்று காத்திருந்தார். இடது கண்ணையும் சரிசெய்துகொண்டு, மேலும் இரண்டு மாதங்கள் பொறுத்து, ஒரு சனிக்கிழமை காலை என்னோடு கிளம்பினார். அண்ணன் வீடு தேக்காவுக்குப் பின்னால் ஒரு வீடமைப்புக் கழக புளோக்கில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறது.

கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் இரும்புக் கதவைத் திறக்காமல் நின்றார். "வாங்க மேடம். இன்னைக்கு என் தங்கத்தைப் பித்தளைன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்ல அண்ணே. என் கண்ணு பித்தளைன்னு சொல்ல வந்தேன்" என்றார் அக்கா.

உள்ளிருந்து அண்ணி வந்து, "பொம்பளைங்கள வெளிய நிக்க வச்சுக் கேள்வி கேக்குறீங்க" என்று அவரை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தார்.

அக்கா உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். கண்ணில் புரை இருந்தது, தனக்கு நீலம் தெரிந்திருக்காது, அந்தத் தீர்ப்பைச் சொல்லத் தனக்குத் தகுதியே இருக்கவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அடுத்து என் முறை. நான் பார்த்து எழுதியதைச் சொன்னேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளைங்க காப்பி அடிச்சா என்ன டீச்சர் பண்ணுவீங்க?" "வெளியே நிக்க வைப்பேன்." "வெளியே வெயிலா இருக்கு. உள்ளயே நில்லுங்க" என்றார். அதன் பிறகுதான் அறையில் இறுக்கம் தளர்ந்தது.

"அப்போ என்னோடது நீலத் தாள்தானே?" என்றார் அண்ணன்.

"தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார் அக்கா. "ஆனா எது யாரோடதுன்னு தெரியாமப் பாக்கணும்."

தேர்வு நடத்துவது என் வேலை ஆயிற்று. வெள்ளை அட்டை ஒன்றில் ஐந்து வட்டத் துளைகள் வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். அண்ணனின் தபால்தலை, அக்காவின் உறுதி செய்யப்பட்ட நீலத் தாள், மூன்று சாதா. அடுத்த அறைக்குப் போய் ஐந்தையும் குப்புற வைத்து, அட்டையை மேலே பொருத்தினேன். துளைகளில் தாளின் முதுகு மட்டும் தெரியும். ஓரம் தெரியாது, ஓரத்துப் பல்வெட்டு தெரியாது, எது தன்னுடையது என்று அண்ணனுக்கே தெரியாது.

சமையலறை ஜன்னலோரம், பதினொரு மணி வெளிச்சத்தில், அண்ணன் குனிந்து பார்த்தார். நகைப் பட்டறையில் அவரை நான் பார்த்ததில்லை, ஆனால் அன்று பார்த்தது போலத்தான் இருந்தது. மூச்சுக்கூட மெதுவாக விட்டார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒருமுறை.

"மூணாவது நீலம்" என்றார். "மத்த நாலும் சாதா. சந்தேகமே இல்ல."

அட்டையைத் தூக்கினேன். மூன்றாவது, அக்காவுடையது. அண்ணனுடையது ஐந்தாவது.

குக்கர் விசில் அடித்தது. அண்ணன் தன் தபால்தலையை இடுக்கியால் எடுத்து, அக்காவுடையதன் பக்கத்தில் வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்தார். "அன்னைக்கு நீலமாத்தானே தெரிஞ்சுது" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "தெரியாம என்ன? கண் ஆப்பரேஷன் முடிஞ்ச பத்தாம் நாள் பாத்தா எல்லாம் நீலமாத்தான் தெரியும். சாம்பாரே நீலமா இருக்குன்னு சொன்னீங்களே."

அக்காவும் நானும் அண்ணனைப் பார்த்தோம். அவர் அண்ணியை முறைத்தார். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லையாம். அப்போதும் வீட்டில் சின்னச் சின்ன நகை வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்திருக்கிறார். நகை செய்கிறவன் கண்ணில் கத்தி வைத்தது வெளியே தெரிந்தால் யார் அவனை நம்பிப் பொன்னைக் கொடுப்பார்கள்?

ஒருவர் கண் மஞ்சளாக இருந்திருக்கிறது. இன்னொருவர் கண் புதிதாக இருந்திருக்கிறது. நடுவில் நான், கண்ணே இல்லாமல். இதற்காக மூன்று ஆண்டுகள். அண்ணி முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், "அன்னைக்கு நான் சொன்னதுதானே சரி" என்ற ஒரு வார்த்தை வாயில் வந்திருக்கும். நானாக இருந்தால் வந்திருக்கும். அக்கா அதைச் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'இந்தத் தபால்தலையை நான் பார்த்தபோது என் கண் சரியாக இல்லை. என் தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். வேறு இருவர் பார்க்கவும்.'

"அதான் சாதான்னு ஆயிடுச்சே, இது எதுக்கும்மா?" என்றார் அண்ணன்.

"அது நீங்க பாத்துச் சொன்னது. நான் பாக்காமச் சொன்னேன்" என்றார் அக்கா. "தற்செயலா சரியா வந்ததை என் பேர்ல வச்சிக்க முடியாது லா அண்ணே."

கணக்குப் பாடத்தில் வழியை எழுதாமல் விடையை மட்டும் சரியாக எழுதும் பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். அவர்கள் அழுதுகொண்டு வந்து, "விடை சரிதானே டீச்சர்" என்று கேட்பார்கள். நான் நீளமாக விளக்குவேன், அவர்களுக்குப் புரியாது. என் விளக்கத்தில் நானே பாதிதான் நம்பிக்கை வைத்திருந்தேன் என்று அன்று தெரிந்தது.

அப்படி ஒரு சீட்டு இல்லை, பல. கண் மங்கத் தொடங்கிய காலத்திலிருந்து நீலத் தாள் பற்றி அவர் சொன்ன எல்லாத் தீர்ப்புகளையும் குறிப்பேட்டிலிருந்து தேடி எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதினார். "எல்லாத்தையும் ஏன் அக்கா, நாங்க மறுபடி பாத்துக்கிறோம், விடுங்க" என்று நாங்கள் சொன்னோம். கேட்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. ஆனால் அவர் சாதா என்று சொல்லி, ஓர் உறுப்பினர் அலட்சியமாகப் போட்டு வைத்திருந்த ஒரு தபால்தலை உண்மையில் நீலத் தாள். அது தெரிய வந்த அன்று அக்காவுக்கு இருந்த மகிழ்ச்சியை, பேரப்பிள்ளை பிறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. தான் தவறியதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அது.

சொக்கலிங்கம் அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். "தூசி தட்டி வச்சிருக்கலாமே மேடம்" என்றார். "வர்றவர் தட்டிக்கட்டும்னுதான் விட்டேன்" என்றார் அக்கா. ஏறக்குறைய பத்து மாதங்கள் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். பாதி நேரம் ஒத்துப்போகாது. அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

அடக்கத்தன்று மாதா கோயில் பூசையில் அண்ணன் ஓரமாக இருந்தார். மதப் பாடல்கள் அவருக்குத் தெரியாது. ஆனாலும் எல்லாரும் உட்காரும்போது உட்கார்ந்தார், எழும்போது எழுந்தார். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் என்னிடம், "இனிமே நாம ரெண்டு பேரும்தான் பாக்கணும் டீச்சர். அந்தம்மா மாதிரி கண்ணு யாருக்கும் வராது. பரவாயில்ல, பாப்போம்" என்றார்.

எனக்கும் அக்கா ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார். என்னுடைய ஒரு தபால்தலையை முன்பு அவர் சாதா என்று சொல்லியிருந்தார். மறுபடி பார்க்கச் சொல்லி நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். அதைப் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் ஜன்னலோரம் பார்த்து எழுதி மடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் முறை. நல்ல வெளிச்சம். சாதாத் தாளைப் பக்கத்தில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். இவ்வளவு நேரம் ஒரு தாளின் முதுகை நான் பார்த்ததே இல்லை.

பிரித்தோம். அவர் 'சாதா' என்று எழுதியிருந்தார். நான் 'நீலம்' என்று எழுதியிருந்தேன்.

மூன்றாமவர் யார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் இரண்டு சீட்டுகளையும் அக்காவின் சீட்டோடு சேர்த்துத் தபால்தலை உறைக்குள் வைத்து என்னிடம் கொடுத்தார். அந்த உறை இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பிலோமினாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். அதற்குள் என் கையெழுத்தில் உள்ள சீட்டு தவறாகவும் இருக்கலாம். ஆனால் அது நான் பார்த்து எழுதியது.